ஊசியும் ஐயமும்

கொரோனா என்னும் கொடுநோய் நம் நாட்டிற் பரவத் தொடங்கியது 2020-ஆம் ஆண்டில். அதனால் விளைந்த உலக நெருக்கடி நீங்கிற்றென உலக சுகாதார நிறுவனத்தார் அறிவித்தது 2023 மே மாதம் 5-ஆம் நாள். முகமூடிகள் அலமாரியின் மூலையில் ஒடுங்கிவிட்டன. கைகழுவும் சடங்கும் மறைந்தது. எனினும் அந்நோயை முன்னிட்டு எழுந்த வினாக்களுள் ஒன்று மட்டும் தேநீர்க் கடையிலும், மின்சார ரயிலிலும், ஆலய முற்றத்திலும், நம் மாணவர் விடுதியிலும் இன்றும் உயிரோடிருக்கின்றது. 'அந்த ஊசி நன்மை செய்ததா, தீமை செய்ததா?' என்பதே அது. இளைஞர் ஒருவர் மாரடைப்பால் இறந்தார் என்னும் செய்தி வருந்தோறும் இவ்வினா மீண்டும் தலைதூக்குகின்றது. இதற்கு விடை கூற முன்வருவோர் இரு திறத்தர். ஒரு சாரார் ஐயுறுவோரை அறிவிலிகள் என்று வைவர்; மற்றொரு சாரார் ஊசியே ஒரு சூழ்ச்சி என்பர். இவ்விருவர்க்கும் இடையே நின்று, தடுப்பூசி ஒன்றை நம்புதற்கோ நம்பாமைக்கோ உரிய காரணம் யாதாக வேண்டும் என்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். யான் கிண்டியிற் பிறந்து வளர்ந்தவன். இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் சான்றுகளுட் பல எம்மூரிலேயே உள.

கிண்டி என்றவுடன் பலர்க்குக் குதிரைப் பந்தயமும், மான்கள் உலவும் பூங்காவும், பொறியியற் கல்லூரியுமே நினைவுக்கு வரும். நோய்த்தடுப்பு வரலாற்றில் அதற்குள்ள இடத்தை அறிந்தோர் சிலரே. மதராஸ் மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராயிருந்த கர்னல் கிங் என்பவரின் பெயரால் விளங்கும் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையம் அங்குள்ளது. அஃது 1899-ஆம் ஆண்டில் வைசூரிக்குரிய அம்மைப்பால் செய்யும் நிலையமாகத் தோன்றியது. அம்மைப்பால் என்னும் சொல் இக்காலத்து மாணவர்க்குப் புதிதாகலாம். 1796-ஆம் ஆண்டில் ஆங்கில வைத்தியர் ஜென்னர், பசுவின் மடியில் தோன்றும் கொப்புளத்து நீரை மனிதர் கையிற் கீறி இட்டால் வைசூரி அணுகாது எனக் கண்டார். 1802-இல் அது பம்பாய் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் ஒரு குழந்தையின் கையிற் பழுத்த கொப்புளத்தினின்று எடுத்து மற்றொரு குழந்தையின் கையில் இடுவர். எவர் குழந்தையின் நீர் எவர் குழந்தைக்கு என்னும் அருவருப்பும் சாதி வேற்றுமையும் ஒருபுறமிருக்க, ஒருவர் உடலிலிருந்த மேகநோய் முதலியன மற்றவர்க்குத் தாவும் மெய்யான ஆபத்தும் அம்முறையில் இருந்தது. ஆகவே பிற்காலத்தில் கன்றுக்குட்டியின் வயிற்றை மழித்துத் தூய்மை செய்து, கீறி, மருந்திட்டு, ஐந்தாறு நாளிற் கிளம்பும் பொருக்கை வழித்தெடுத்து அரைத்து வைக்கும் முறை வந்தது. நம் நாட்டு வெயிலில் அது விரைவிற் கெடும். கம்பளி ஆட்டு மயிரினின்று பெறும் லனோலின் என்னும் கொழுப்பிற் குழைத்து வைத்தால் நெடுநாள் தாங்கும் எனக் கண்டு அதனை வழக்கிற் கொணர்ந்தவர் மேற்கூறிய கிங் அவர்களே.

அம்மைப்பாலை நம் முன்னோர் எளிதில் ஏற்றாரல்லர். வைசூரி அவர்க்கு நோயன்று, தாயின் வருகை. வேப்பிலையும் நீர்மோருமே அவ்வருகைக்கு உபசாரம். வந்த தாயைக் கத்தியாற் கீறித் தடுப்பதோ என அஞ்சினர். அவ்வச்சத்தை நீக்கச் சிலர் மேற்கொண்ட வழி விந்தையானது. திருக்குறளுக்கு உரை வரைந்த எல்லிஸ் துரையைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். சென்னைக் கலெக்டராயிருந்து 1819-இல் மறைந்த அவர், பசுவினின்று கிடைக்கும் இம்மருந்து தேவியின் அருளே என்னும் கருத்துப்பட ஒரு கதையைப் பழைய நூல் போலவே புனைந்தார். நன்மை கருதிச் சொன்ன பொய் அது. அப்பெரியாரின் தமிழ்த் தொண்டில் எனக்கு மிக்க மதிப்புண்டு. ஆயினும் இச்செயலை யான் ஒவ்வேன். பொய்யை நம்பி இன்று கையை நீட்டுபவன், நாளை வேறொருவன் சொல்லும் பொய்யை நம்பிக் கையை மடக்குவான்.

வைசூரி ஒழிந்ததோ கதையினாலன்று; இல்லந்தோறும் சென்று குத்தியும், எங்கே எத்தனை பேர்க்குக் கண்டது என்று ஊர் ஊராகத் தேடி எண்ணியும் ஒழித்தனர். தடுப்புப் பெறாதாரைத் தாக்கினால் பதின்மரில் மூவரைக் கொன்ற அந்நோயின் கடைசித் தொற்று நம் நாட்டிற் காணப்பட்டது 1975 மே மாதத்தில். 1980-இல் உலகமே அதனின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கொரோனாப் பரிசோதனை நடைபெற்ற கூடம் மேற்கூறிய கிங் நிலையமே. அதன் வளாகத்தில் முதியோர் நலத்துக்கென எழுப்பிய கட்டடம் 2020 ஜூலையிற் கொரோனா மருத்துவமனையாயிற்று. 2021 ஜனவரி 16-ஆம் நாள் நாடெங்கும் ஊசியிடத் தொடங்கினர். மார்ச்சு முதல் முதியோர்க்கும், ஏப்ரல் முதல் நாற்பத்தைந்து வயது கடந்தோர்க்கும் அது கிட்டியது. மக்கள் தயங்கித் தயங்கி வந்துகொண்டிருந்த அவ்வேளையில், ஏப்ரல் 15-ஆம் நாள், நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசினர் மருத்துவமனையிற் கோவாக்சின் ஊசி இட்டுக்கொண்டு, அனைவரும் அச்சமின்றி முன்வருக என வேண்டினார். மறுநாட் காலை மாரடைப்புற்றார். 17-ஆம் நாள் விடியலில் உயிர் நீத்தார். நகைச்சுவையின் வாயிலாகப் பல நல்லறிவு புகட்டியவரும், மரம் நடுதலைத் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டவருமாகிய அவர் மறைவு தமிழ்நாட்டையே உலுக்கிற்று. அவர் இதயத்தின் முதன்மையான குழாயொன்று முற்றும் அடைபட்டிருந்ததென மருத்துவர் அன்றே கூறினர். அத்தகைய அடைப்பு ஒரு நாளில் உண்டாவதன்று. ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என மத்திய அரசின் ஆய்வுக் குழு அக்டோபரில் முடிவு கூறிற்று. ஆனால் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையே எத்துணை நாட்கள்! அந்நாட்களில் எம் தெருவில் ஊசி என்ற பேச்செடுத்தாலே, 'விவேக்குக்கு என்ன ஆயிற்று, பார்த்தீரா?' என்பதே மறுமொழி.

எம் இல்லத்தில் அவ்வாறு கூறியவர் என் தாத்தா. பாட்டி மார்ச்சிலேயே முதல் ஊசி இட்டுக்கொண்டு இரண்டு நாள் காய்ச்சலில் முனகியிருந்தார். தாத்தா அசைந்திலர். மே மாதம் வந்தது. அம்மாதம் 21-ஆம் நாள் மட்டும் தமிழ்நாட்டிற் புதிதாக நோயுற்றோர் 36,184 பேர். ஆம்புலன்ஸ் வண்டியின் ஓலம் கேளாத இரவில்லை. எம் இல்லத்தார் அனைவரும் ஒரே வாரத்திற் படுத்தோம். நிகழ்ந்தது யாதெனில், ஊசி இட்டுக்கொண்ட பாட்டிக்கு மூச்சுத் திணறல் கண்டு, கிங் வளாகத்து மருத்துவமனையிற் பதினொரு நாள் பிராணவாயுவுடன் கிடந்து மீண்டார். ஊசியிடாத தாத்தா மூன்று நாள் இருமிவிட்டு, கபசுரக் குடிநீரை அருந்திக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படித்தார். அடுத்த வீட்டு அண்ணன், முப்பத்தெட்டு வயதினர், இரு சிறு பெண்களின் தந்தை, இறந்தார். அவர் வயதினர்க்கு ஊசி அம்மாதம் முதல் நாள்தான் திறந்துவிடப்பட்டது. மருந்து இருப்பில்லை எனப் பல இடங்களிற் கதவடைத்திருந்தனர். அவர் இருமுறை சென்று திரும்பியிருந்தார்.

'போட்டவள் படுத்தாள், போடாதவன் எழுந்தேன். இதற்கென்ன சொல்கிறாய்?' என்று தாத்தா என்னை வினவினார். யான் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். உண்மையைக் கூறின், எம் இல்லத்தை மட்டும் நோக்குவார்க்குத் தாத்தாவின் வாதமே வலியது. அடுத்த வீட்டை மட்டும் நோக்குவார்க்கு அதற்கு நேர்மாறான முடிவு தோன்றும். விவேக்கின் இறப்பை மட்டும் நோக்குவார்க்கு அச்சமே மிஞ்சும். ஆதலின் ஒருவர் அனுபவமும் ஒரு குடும்பத்தின் அனுபவமும், எத்துணைக் கண்ணீரோடு கலந்தனவாயினும், இவ்வினாவுக்கு விடையாகா. அவை அவரவர்க்கு உண்மையே. ஊசியைப் பற்றிய உண்மை அல்ல.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். நம் நாட்டில் ஆண்டொன்றுக்கு ஆயிரவரில் ஏறத்தாழ அறுவர் இறக்கின்றனர். லட்சத்துக்கு அறுநூறு பேர். அஃதாவது ஊசியும் கொரோனாவும் இல்லாத காலத்தும், எவரேனும் லட்சம் பேரைக் குறித்து வைத்தால் மறுநாள் அவருள் ஒருவரோ இருவரோ இரார். 2021 ஏப்ரலில் ஒரே நாளில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊசி பெற்றதுண்டு. அவருள் மறுநாள் ஐம்பதின்மர் அளவில் இயற்கையாகவே இறந்திருப்பர். வந்தோர் பெரும்பாலும் முதியோராதலின் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அந்த ஐம்பது இல்லங்களிலும் 'நேற்று ஊசி இட்டார், இன்று போனார்' என்ற சொல்லே எழும். அச்சொல் பொய்யன்று. ஆயின் 'பின்பு' என்பதும் 'அதனால்' என்பதும் ஒன்றல்ல. ஊசி பெற்றோரில் இறந்தவர் எத்தனை, பெறாதவரில் இறந்தவர் எத்தனை என இரு பக்கமும் வைத்துப் பார்த்தாலன்றி 'அதனால்' என்ற சொல்லை வழங்க நமக்கு உரிமையில்லை.

இரு பக்கமும் வைத்துப் பார்க்கும் இம்முறை கிறிஸ்தவ மாணவர்க்குப் புதிதன்று. பாபிலோன் அரண்மனையில் தானியேல் கேட்டது இதனையே: பத்து நாள் எமக்கு மரக்கறியும் நீரும் தந்து, அரசனது போஜனம் உண்போர் முகத்தோடு எம் முகத்தை ஒப்பிட்டுப் பாரும் என்றார். விசாரணைக்காரன் பார்த்த பின்னரே முடிவு செய்தான். (தாவீதரசன் ஜனத்தை எண்ணப் புகுந்ததனாற் கொள்ளைநோய் வந்ததென்றும் அதே வேதம் கூறும், எண்ணுவதிலும் எண்ணம் நன்றாயிருத்தல் வேண்டும் போலும்.)

தாத்தா கிண்டித் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டு லேத் இயந்திரத்தில் வேலை செய்தவர். ஆகவே அவர் தொழிலினின்றே ஒரு வினாவை எடுத்துக் கேட்டேன். 'தாத்தா, பெட்டியில் ஒரு திருகாணி பழுதென்றால் பெட்டி முழுவதையும் தள்ளிவிடுவீர்களா?'

'தள்ளமாட்டேன். எத்தனை பழுது என்று எண்ணுவேன்.'

'அதைப் போலத்தானே இதுவும்?'

'அப்படியானால் எண்ணிக் காட்டு' என்றார்.

அவர் கேட்டது முற்றும் நியாயம். கோவிஷீல்டு ஊசிக்கு வெளிநாடுகளில் எண்ணிய கணக்கு 2020 டிசம்பரிலேயே வெளிவந்திருந்தது. ஆனால் விவேக் இட்டுக்கொண்ட கோவாக்சினுக்கு, மூன்றாம் கட்டச் சோதனையின் பயன் தெரியுமுன்னரே, 2021 ஜனவரி 3-ஆம் நாள் அவசர அனுமதி தந்துவிட்டனர். அச்சோதனையின் முழுக் கணக்கு லான்செட் என்னும் மருத்துவ இதழில் வந்தது அவ்வாண்டு நவம்பரில். நோயின் அவசரம் அத்தகையது எனலாம். எனினும் எண்ணைக் காட்டாமல் நம்பச் சொன்னால் ஐயம் பிறத்தல் இயல்பேயன்றோ? வெளிவந்த கணக்கோ நன்றாகவே இருந்தது. இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியார்க்கு ஊசியும் மற்றப் பகுதியார்க்கு மருந்தில்லாத வெறும் ஊசியும் இட்டனர். எவர் எதனைப் பெற்றார் என்பது இட்டவர்க்கும் தெரியாது, பெற்றவர்க்கும் தெரியாது. கணக்கிற் கொண்டவர் பகுதிக்கு ஏறத்தாழ 8,500 பேர். நோய் கண்டவர், வெறும் ஊசி பெற்றோரில் 106. மருந்தூசி பெற்றோரில் 24. கடுநோய் கண்டவர், முன்னவரில் 15, பின்னவரில் ஒருவர். இவ்வெண்களை உற்று நோக்குவார்க்கு என் பாட்டியின் கதையும் விளங்கும். இருபத்து நால்வர் ஊசி பெற்றும் நோயுற்றனர் அன்றோ? பாட்டி பெற்றது வேறோர் ஊசியாயினும், அதுவும் ஒரு தவணையளவே பெற்றிருந்தாராயினும், அவர் அத்தகையோருள் ஒருவர். ஊசி என்பது கோட்டைச் சுவரன்று. படைக்குப் பகைவன் முகத்தை முன்னரே காட்டி வைக்கும் பயிற்சி. பயின்ற படையும் சிலபோது தோற்கும். பயிலாத படையும் சிலபோது வெல்லும்.

இனி, எண்ணிக்கையை நம்புவோம் என்பவர் அது தமக்கு மாறாக வந்தபோதும் ஏற்றல் வேண்டும். அதற்கும் எம்மூரிற் சான்றுண்டு. காசநோய்க்குரிய பி.சி.ஜி. மருந்து செய்யும் கூடம் கிண்டியில் 1948-இல் தொடங்கப்பட்டது. அம்மருந்தைப் பெருந்திரளான குழந்தைகட்கு இடுவதனை இராஜாஜி அவர்கள் 1955-இல் வன்மையாக எதிர்த்து எழுதினார். பலர் அவரைப் பழமைவாதி என எள்ளினர். (அவருடைய நினைவாலயமும் கிண்டியிலேயே இருப்பது ஒரு வேடிக்கை.) பின்னர் 1968-ஆம் ஆண்டு தொடங்கி, அப்போது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவள்ளூர்ப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் அம்மருந்து சோதிக்கப்பட்டது. பல்லாண்டு காத்திருந்து எண்ணிப் பார்த்தபோது, பெரியோர்க்கு வரும் நுரையீரற் காசத்தை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. இராஜாஜி அஞ்சிய தீங்குகள் வேறு, இம்முடிவு வேறு. ஆகவே அவர் வென்றார் என்பதற்கில்லை. மருந்து பொய் என்பதற்குமில்லை. பச்சிளங் குழந்தைகட்கு மூளையைத் தாக்கும் காசத்தினின்று அது காப்பளிப்பதனாலேயே இன்றும் பிறந்தவுடன் இடுகின்றனர். நான் போற்றுவது, தமக்கு உவப்பில்லாத முடிவை மறையாமல் உலகறிய வெளியிட்ட நேர்மையை. அம்முடிவை வெளியிட்டவர்கள் சொன்னால், ஒரு மருந்து பயன்தரும் என்னும் சொல்லையும் நம்பலாம்.

கோவிஷீல்டினால் அரிதாக இரத்தக் கட்டு உண்டாகும் என்பதும் இவ்வாறே வெளிவந்தது. 2021 மே மாதத்தில் நம் நாட்டு ஆய்வுக் குழுவினர், பத்து லட்சம் தவணைக்கு 0.61 என்ற அளவில் அத்தகைய நிகழ்ச்சிகள் பதிவாயின எனக் கூறினர். அரிதுதான், ஆயினும் இல்லை என்பதன்று. 'ஊசியால் ஒரு தீங்கும் இல்லவே இல்லை' என்று மேடைதோறும் முழங்கியோர், ஊசிக்கு நண்பராய் நின்று பகைவரின் வேலையைச் செய்தனர் என்பது என் துணிபு. இல்லை என்றது இருக்கக் கண்டவன், பின்னர் எதனையும் நம்பான்.

எம் சபையாரிடையே வேறொரு வகை அச்சமும் உலவியது. வெளிப்படுத்தின விசேஷத்திற் கூறிய மிருகத்தின் முத்திரை இவ்வூசியே எனக் கைப்பேசி வழியே சிலர் பரப்பினர். விசுவாசம் உள்ளவர்க்கு ஊசி எதற்கு என்றனர் வேறு சிலர். தேவாலயத்து உச்சியினின்று குதி, தூதர் தாங்குவர் என்று சோதனைக்காரன் சொன்னபோது நம் ஆண்டவர் குதித்தாரல்லர். லூக்கா வைத்தியரன்றோ? இதற்குமேல் இவர்களோடு வாதிடுதல் வீண்.

அவ்வாண்டு செப்டம்பரில் தமிழ்நாடெங்கும் ஞாயிறுதோறும் பெருமுகாம்கள் நடந்தன. எம் தெரு முனைப் பள்ளியிலும் ஒன்று. தாத்தா வேடிக்கை பார்க்கச் சென்றார். யான் உடன் சென்றேன். அங்கிருந்த நர்ஸ் அம்மையாரிடம், 'இதைப் போட்டால் மறுபடியும் நோய் வராதென்று எழுதித் தருவீர்களா?' என்று கேட்டார். அவ்வம்மையார் சினந்திலர். 'தரமாட்டேன் ஐயா. வரலாம். கை வலிக்கும், இரண்டு நாள் காய்ச்சலும் வரலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கும்படி ஆவது மிகவும் குறையும். ஏற்கனவே வந்து போனவர் நீங்கள். உங்களுக்கு இன்னும் நல்லது. உங்கள் விருப்பம்' என்றார். தாத்தா சிறிது நேரம் நின்றார். பின்னர்ச் சட்டைக் கையை மடித்தார். 'வராது என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன்' என்று வழியில் என்னிடம் கூறினார். கபசுரக் குடிநீரை அவர் விட்டாரில்லை; அஃது அவர் உரிமை.

மாரடைப்பால் இளைஞர் இறத்தலைப் பற்றித் தொடக்கத்திற் குறித்தேன். இதனையும் எண்ணியிருக்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவினர், பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரையும், அவர்களோடு ஒப்பிட 2,916 பேரையும் நாடெங்குமுள்ள மருத்துவமனைகளின் வழியே ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டனர். ஊசியினால் அவ்விறப்பு மிகுந்ததாகக் காணவில்லை. இரு தவணை பெற்றோரிடம் குறைந்தே காணப்பட்டது. கொரோனாவினால் மருத்துவமனையிற் கிடந்திருத்தல், குடும்பத்தில் முன்பே இத்தகைய இறப்பு நிகழ்ந்திருத்தல், இறப்புக்கு முன் இரு நாளுக்குள் மிகுதியாகக் குடித்தல், உடலைக் கடுமையாக வருத்திப் பயிலல் என்பனவே மிகுந்து காணப்பட்டன. மேலை நாடுகளில் வழங்கிய பைசர், மாடர்னா ஊசிகளால் இளைஞர் சிலர்க்கு இதயத்தசை வீங்கிற்று என்பதும் எண்ணியே அறியப்பட்டது. அவை நம் நாட்டிற் பொதுமக்கட்கு இடப்படவில்லை.

இவ்வாய்வைப் பற்றி விடுதியில் ஒரு நண்பரிடம் கூறியபோது, 'ஊசி போட்டதும் அரசாங்கம், ஆராய்ந்ததும் அரசாங்கம் அன்றோ?' என்றார். நல்ல வினா. அதனோடு வேறொரு குறையையும் யானே சேர்த்துக் கூறினேன்: இறந்தவரை வினாவ இயலாதாதலின், அவரைப் பற்றிய செய்திகள் உறவினரிடம் கேட்டுப் பெற்றவை, நினைவு பிழைக்கக் கூடும். ஆயின் எவ்வாறு தேர்ந்தனர், எத்தனை பேர், எவ்வாறு கணக்கிட்டனர் என்பனவெல்லாம் அச்சிற் கிடக்கின்றன. குறை காண விரும்புவோர் எழுத்தெழுத்தாகப் பார்க்கலாம். அச்சிட்ட படியை அவர் கையிற் கொடுத்தேன். படித்துவிட்டு வாதிடுவதாகச் சொல்லி வாங்கிச் சென்றிருக்கின்றார். இன்னும் திருப்பித் தரவில்லை.